முதுகுத் தண்டு ஆபரேஷனில் பெட்டாடின்: பயப்பட வேண்டுமா?

அப்பாவுக்கு அடுத்த வாரம் இடுப்பில் ஸ்க்ரூ வைக்கிறார்கள், சர்க்கரை வேறு இருக்கிறது, புண்ணுக்குள் பெட்டாடின் (கிருமியைக் கொல்லும் அயோடின் மருந்து) ஊற்றுவோம் என்று டாக்டர் சொன்னதும் நரம்பு வெந்துவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். பாட்டிலில் இருப்பதை அப்படியே ஊற்ற மாட்டார்கள். நான் தியேட்டர் நர்ஸ். பத்து சதவீத மருந்தில் 35 மில்லியை எடுத்து, மொத்தம் ஒரு லிட்டர் வரும்படி சலைனில் கலப்போம்; அதாவது 0.35 சதவீதம், பார்க்க இளம் கட்டன்சாயா நிறம். தையலுக்கு முன்னால் அது புண்ணுக்குள் மூன்று நிமிடம் நிற்கும், கடிகாரம் பார்த்துச் சொல்வது என் வேலை, அப்புறம் சலைன் விட்டு நன்றாக அலசிவிடுவார்கள். 2005இல் வந்த ஓர் ஆய்வில் 414 பேரில் இப்படி ஊறவைத்த பாதிப் பேரில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை, ஊறவைக்காத மற்ற பாதியில் ஏழு பேருக்கு வந்தது.

நரம்பைச் சுற்றியுள்ள உறை கிழிந்துவிட்டால் பொதுவாக இதைத் தவிர்த்துவிடுவார்கள். புண் கழுவும் இன்னொரு மருந்தான ஹைட்ரஜன் பெராக்சைடு என்றால்தான் எனக்குப் பயம், ஆழமான புண்ணில் அதன் குமிழி ரத்தக்குழாய்க்குள் போக வாய்ப்புண்டு.

அயோடின் ஒத்துக்கொள்ளாது, தைராய்டு தொந்தரவு உண்டு என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். சரி, இதைவிட முக்கியம் சர்க்கரை. அதைக் கட்டுக்குள் கொண்டுவராமல் எந்தக் கரைசலை நம்பியும் பயனில்லை. வீட்டுக்கு வந்தபின் டாக்டர் சொல்லாமல் தையல்மேல் நீங்களாக பெட்டாடின் ஊற்றாதீர்கள். காய்ச்சலோ கசிவோ இருந்தால் அன்றே காட்டுங்கள்.