பாதரசமும் உலர்திராட்சையும்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தின் முதலாம் சார்லஸுக்கு உண்மையிலேயே ஓவிய ரசனை இருந்ததா? பணத்தை வீசி வாங்கிய பகட்டுதானே? பரிசாக வந்ததையெல்லாம் அவருடைய சேகரிப்பு என்று எப்படிச் சொல்வது?

மாதவன்

அன்புள்ள மாதவன்,

ரசனை இருந்தது. அதை விடுங்கள். அரசர்களுக்குள் சும்மா வரும் பரிசு கிடையாது. பிரெஞ்சு அரசர் பதின்மூன்றாம் லூயி கொடுத்த, லியனார்டோ வரைந்த புனித யோவான் ஓவியத்துக்குப் பதிலாக, ஹோல்பைன் வரைந்த அறிஞர் எராஸ்மஸின் படமும் டிஷியனின் ஓவியம் ஒன்றும் பாரிஸ் போயின. பண்டமாற்றுதான்.

‘பணத்தை வீசி’ என்று என்ன சுலபமாக எழுதிவிட்டீர்கள்! வீச எங்கே இருந்தது? 1627இல் இத்தாலியின் மாந்துவாவை ஆண்ட கொன்சாகா குடும்பத்து ஓவியங்களை வெனிஸிலிருந்த வியாபாரி டேனியல் நைஸ் பேசி முடித்தார். 15,000 பவுண்டு. அதே நேரம் பிரான்ஸுடன் போர். அரசருக்குப் பணம் புரட்டித் தந்த புர்லமாக்கி, இரண்டு மூவாயிரம் என்றால் சமாளிக்கலாம், இதற்கு எங்கே போவேன் என்று புலம்பினார். நைஸ் பிற்பாடு திவாலானார்.

வாங்கிவிட்டால் முடிந்ததா? கொண்டுவர வேண்டாமா? சேகரிப்பு பற்றி எழுதுகிறவர்கள் இதைத்தான் கவனிப்பதே இல்லை. ‘மார்கரெட்’ கப்பலில் படங்களோடு உலர்திராட்சையும் பாதரசச் சரக்கும் ஏறின. மூடிய சரக்கறையில் திராட்சை புளித்துச் சூடேற, பாதரசம் ஆவியாகிப் படங்களில் படிந்தது. எண்ணெய் வண்ணம், நீர் வண்ணம் இரண்டுமே கறுத்துப்போயின. துடைக்க முதலில் வெறும்வயிற்று எச்சில். பிறகு அதில் வெதுவெதுப்பான பால் கலந்து. அசையவில்லை. கடைசியில் வெறும் சாராயம்தான் கறையை எடுத்தது. அதே சாராயம் பழைய வார்னிஷையும் உரித்துவிடும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். இத்தாலிய ஓவியர் கொரெஜ்ஜோவின் இரண்டு உருவகப் படங்கள் தப்பியதற்குக் காரணம், அரசவை இசைக்கலைஞர் நிக்கோலஸ் லேனியர் அவற்றைக் கப்பலில் ஏற்றாமல் தரைவழியே கொண்டுவந்ததுதான்.

சரி, பரிசு யாருடையது என்று கேட்டீர்கள் அல்லவா. 1639 வாக்கில் அரசரின் ஓவியங்களுக்குப் பொறுப்பாளராக இருந்த ஆபிரகாம் வான் டெர் டோர்ட் எழுதிய பதிவேட்டைப் பாருங்கள். நீளம், அகலம், சட்டம், யார் கொடுத்தது, யாரிடம் வாங்கியது, பாதரசம் கெடுத்ததா, எல்லாம் இருக்கும். படத்தில் ஒளி எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்பதுகூட. சன்னல் ஒருபக்கம், படத்தின் ஒளி மறுபக்கம் என்று மாட்டினால் முகங்களின் திரட்சி போய்விடும். பரிசும் விலைக்கு வாங்கியதும் அவர் ஏட்டில் அடுத்தடுத்த வரிகள்.

1640இல், பத்திரமாக வைக்கச் சொல்லி அரசர் கொடுத்த ஒரு சிற்றோவியம் தொலைந்துவிட்டதாக நினைத்துப் பயந்து, வான் டெர் டோர்ட் தூக்குப் போட்டுக்கொண்டார். படம் பிறகு கிடைத்தது.