விடியுமுன் ஹார்ன் அடிக்கும் மில் பஸ்: என்ன செய்யலாம்?

கேள்வி: திருப்பூர் மாநகர எல்லைக்குள் ஒரு குறுகலான தெருவில் குடியிருக்கிறோம். என் கணவருக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. தினமும் அதிகாலை 4.45 மணிக்கு ஒரு நூற்பாலைக்கு ஆள் ஏற்றும் பஸ் எங்கள் வீட்டு முனையில் வந்து நின்று, தொழிலாளர்கள் எல்லோரும் வந்து சேரும் வரை விட்டுவிட்டு ஹார்ன் அடிக்கிறது. லாரிகளில் கேட்கும் ஏர் ஹார்ன். கணவர் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். ஓட்டுநரிடம் சொன்னால், "ஹார்ன் அடிக்காமல் போய் யார் மீதாவது மோதினால் நீங்களா ஜெயிலுக்குப் போவீர்கள்?" என்கிறார். இரண்டாவது முறை கேட்டபோது தகாத வார்த்தையில் திட்டி, மிரட்டவும் செய்தார். காவல் நிலையத்தில், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த தெருவில் மருத்துவமனை இருப்பதால் இது ஹார்ன் அடிக்கக்கூடாத பகுதிதானே? காலை 8 மணிக்குப் பள்ளி வேன் ஒன்றும் இதையே செய்கிறது. மில் பஸ்ஸை மறித்து நிறுத்தப் போவதாக என் மகன் சொல்கிறான். எங்களுக்கு வழி உண்டா?

பதில்: உண்டு, அம்மா. நீங்கள் நினைப்பதைவிட வலுவான வழியே இருக்கிறது. ஆனால் உங்கள் மகனை முதலில் தடுத்து நிறுத்துங்கள். பஸ்ஸை மறித்தால், குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 126-ஆவது பிரிவின்படி அது சட்டவிரோதத் தடுப்பு. ஒரு மாதம் வரை வெறுங்காவல், அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அதற்குத் தண்டனை இருக்கிறது. இப்போது புகார்தாரராக இருக்கும் உங்கள் குடும்பம் மறுநாளே குற்றம் சாட்டப்பட்ட தரப்பாகிவிடும். பஸ்ஸில் இருக்கும் தொழிலாளர்களுக்கு அன்றைய ஷிப்ட்டும் கூலியும் போகும். அவர்கள் உங்கள் பக்கம் நிற்க வேண்டியவர்கள்.

இனி ஓட்டுநர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பலரும் நம்பிக்கொண்டிருக்கும் வாதம் இது என்பதால் முழுமையாகவே பதில் சொல்ல வேண்டும். விபத்து வழக்குகளின் முதல் தகவல் அறிக்கைகளில் "ஹார்ன் அடிக்காமல் அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்ற வரி வழக்கமாக இடம்பெறும். அதைக் கேட்டுப் பழகிய ஓட்டுநர்கள், ஹார்ன் அடித்துவிட்டால் சட்டம் தங்கள் பக்கம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது தவறு. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் ஹார்ன் அடித்தாரா என்பது பல சூழ்நிலைகளில் ஒன்று, அவ்வளவுதான். வேகத்தைக் குறைத்தாரா, பிரேக் பிடித்தாரா, வளைவில் கவனித்தாரா என்பவையும் சேர்த்துத்தான் அலட்சியம் எடைபோடப்படுகிறது. ஹார்ன் அடித்துக்கொண்டே வேகமாக வந்து மோதியவர் அந்தச் சத்தத்தைக் காட்டித் தப்பிக்க முடியாது.

ஹார்ன் எதற்காக என்பதை மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 119-ஆவது விதி சொல்கிறது. வாகனம் நெருங்கி வருவதையோ அது இருக்கும் இடத்தையோ பிறர் காதில் விழும்படி போதிய அளவு எச்சரிப்பதற்கான கருவி அது. உங்கள் தெருவில் நடப்பது என்ன? பஸ் நின்றுகொண்டிருக்கிறது. எதிரே யாரும் வரவில்லை. வீட்டுக்குள் தலை வாரிக்கொண்டோ சோறு கட்டிக்கொண்டோ இருக்கும் தொழிலாளியைக் கூப்பிடுவதற்காக அது அடிக்கப்படுகிறது. ஆளைக் கூப்பிடும் வேலையை எந்தச் சட்டமும் ஹார்னுக்குக் கொடுக்கவில்லை. பிரிட்டனில், நின்றுகொண்டிருக்கும் வாகனத்தின் ஹார்னை அடிப்பதே, பிற வாகனத்தால் ஆபத்து நேரும் நிலை தவிர, விதிமீறல். நம் சட்டத்தில் அப்படித் தனி வரி இல்லை. ஆனால் 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 194-எஃப் பிரிவு, தேவையில்லாமலோ, தொடர்ச்சியாகவோ, பாதுகாப்புக்கு வேண்டியதைவிட அதிகமாகவோ ஹார்ன் அடிப்பதைக் குற்றம் என்கிறது. முதல் முறை 1,000 ரூபாய் அபராதம். மறுபடி செய்தால் 2,000. ஒரு குழந்தை குறுக்கே ஓடி வந்து ஓட்டுநர் ஹார்ன் அடித்தால் அவர் மீது எந்தப் புகாரும் நிற்காது, நிற்கவும் கூடாது. "பாதுகாப்புக்கு வேண்டியது" என்ற சொற்கள் அவரைக் காக்கின்றன. பாதுகாப்பைப் பற்றி அவர் கேட்ட கேள்விக்கு அதே பிரிவிலேயே விடை இருக்கிறது.

உங்களிடம் இருக்கும் வலுவான கருவி நேரம். ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000-இல் 2010-ஆம் ஆண்டு 5-ஏ என்ற விதி சேர்க்கப்பட்டது. பொது அவசர நிலை தவிர, குடியிருப்புப் பகுதியில் இரவு நேரத்தில் ஹார்ன் பயன்படுத்தக் கூடாது என்கிறது அது. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. உச்ச நீதிமன்றமும் 2005 ஜூலை 18-ஆம் தேதி ஒலி மாசு வழக்கில் இதே நேரத்துக்கு இதே தடையை விதித்திருக்கிறது. அமைதியாக வாழ்வதை அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையின் ஒரு பகுதியாகவே நீதிமன்றம் அதில் பார்த்தது. 4.45 மணி, சந்தேகத்துக்கு இடமில்லாமல் இரவு.

இதனால் உங்களுக்கு ஒரு பெரிய சிரமம் குறைகிறது. ஒலிமானி வைத்து டெசிபெல் அளந்து காட்ட வேண்டியதில்லை. இந்த விதியில் சத்தத்தின் அளவு பேச்சே இல்லை, அடிப்பதே தடை. "இது கம்பெனி ஹார்ன்தான், அளவுக்குள்தான் இருக்கிறது" என்று அவர்கள் சொன்னாலும் எடுபடாது. குடியிருப்புப் பகுதிக்கு இரவில் அனுமதிக்கப்பட்ட சுற்றுப்புற ஒலி 45 டெசிபெல். தர நிர்ணயப்படி பொருத்தப்பட்ட பஸ் ஹார்னின் ஒலியோ, ஏழு மீட்டர் தூரத்தில்கூட 93-க்குக் குறையாது. அமைதியான தெருவில், முறையான ஹார்னே தூங்குகிறவரைத் தூக்கிப்போடப் போதும்.

அதோடு உங்கள் தெருவுக்கு வருவது முறையான ஹார்னும் அல்ல. அளவுக்கு மீறிக் கடுமையாகவும் கூச்சலாகவும் திடுக்கிட வைக்கும்படியும் ஒலிக்கும் கருவி எதையும், பல சுரங்களில் மாறி மாறி ஒலிக்கும் ஹார்னையும், வாகனத்தில் பொருத்தக் கூடாது என்று மேலே சொன்ன 119-ஆவது விதியே தடுக்கிறது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு, போலீஸ் போன்ற வண்டிகளுக்கு மட்டுமே விலக்கு. ஒலி தொடர்பான தரத்தை மீறிய வாகனத்தைப் பொது இடத்தில் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்று மாதத்துக்கு ஓட்டுநர் உரிமத் தகுதி இழப்பும் உண்டு. ஆயிரம் ரூபாயைக் கட்டிவிட்டு மறுநாளும் அடிக்கத் துணிகிறவர், உரிமம் போகும் என்றால் யோசிப்பார். தனியார் பஸ்களில் மோட்டார் வாகன ஆய்வாளர்கள் ஏர் ஹார்னைக் கழற்றிப் பறிமுதல் செய்வதைச் செய்தித்தாள்களில் நீங்களே பார்த்திருப்பீர்கள். உங்கள் தெருவுக்கு வரும் பஸ்ஸுக்கும் அந்த நடவடிக்கையைக் கேளுங்கள்.

மருத்துவமனையை வைத்து மட்டும் வழக்கைக் கட்டாதீர்கள். மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் இவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் அமைதி மண்டலம் என்பது பரவலாகத் தெரிந்த செய்தி. ஆனால் 2017-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, மாநில அரசு அறிவிக்கை செய்தால்தான் ஓர் இடம் அமைதி மண்டலம் ஆகும். 194-எஃப் பிரிவில் இதற்கான பகுதியும், ஹார்ன் அடிக்கத் தடை என்ற சாலைக் குறியீடு நடப்பட்ட இடத்துக்குத்தான் பொருந்தும். அந்தப் பலகை உங்கள் தெருவில் இருந்தால் புகைப்படம் எடுத்து மனுவோடு சேருங்கள். இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். இல்லாத ஒன்றைச் சொல்லி, இருக்கும் பலத்தை நீங்களே குறைத்துக்கொள்ள வேண்டாம்.

பள்ளி வேன் விஷயம் வேறு. 8 மணி பகல் நேரம் என்பதால் 5-ஏ விதி பொருந்தாது. தேவையின்றி அடிப்பது என்ற 194-எஃப் குற்றம் மட்டும் பொருந்தும். பள்ளி நிர்வாகத்துக்கு எழுதும் ஒரு கடிதத்திலேயே அது நின்றுவிடும் என்று நினைக்கிறேன். இரண்டையும் ஒரே மனுவில் கலக்காதீர்கள்.

என்ன செய்வது என்று கேட்டால், என் யோசனை மில் நிர்வாகத்திடமிருந்து தொடங்குகிறது. பஸ் பெரும்பாலும் ஓர் ஒப்பந்தக்காரருடையதாக இருக்கும். ஓட்டுநர் உங்களுக்குப் பயப்படமாட்டார், ஒப்பந்தம் கொடுத்தவருக்குப் பயப்படுவார். வண்டி எண், நேரம், நடந்த தேதிகள், மேலே சொன்ன விதிகள் இவற்றைக் குறிப்பிட்டு மனிதவளப் பிரிவுக்கு ஒரு கடிதத்தை ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். அதில் மாற்று வழியையும் நீங்களே எழுதுங்கள்: பஸ்ஸை முதன்மைச் சாலையில் நிறுத்தலாம், வண்டி ஐந்து நிமிடத்தில் வரும் என்று தொழிலாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போடலாம். அந்தத் தொழிலாளர்களில் ஓரிருவரோடு நீங்கள் பேசி ஒப்புக்கொள்ள வைத்துவிட்டால் நிர்வாகம் மறுக்கக் காரணமே இருக்காது. பதிலுக்குப் பதினைந்து நாள் கொடுங்கள்.

அந்த இடைவெளியில் ஆதாரம் சேருங்கள். வீட்டு வாசலில் அல்லது மாடியில் இருந்து, பஸ் நின்றிருப்பதும் எண் பலகையும் ஹார்ன் சத்தமும் ஒரே தொடர்ச்சியாகப் பதியும்படி வீடியோ எடுங்கள். வெட்டாதீர்கள், சேர்க்காதீர்கள், மூலப் பதிவை அந்த போனிலேயே வைத்திருங்கள். நீதிமன்றம் வரை போனால் சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆவது பிரிவின்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் கொடுக்க வேண்டியிருக்கும், அப்போது அந்த போன் தேவைப்படும். ஓட்டுநரின் முகத்துக்கு நேரே போய்ப் படம் எடுக்க வேண்டாம், சண்டைதான் வரும். கணவருக்கு ஓய்வும் தடையற்ற உறக்கமும் தேவை என்று இதய மருத்துவரிடம் ஒரு சான்று வாங்குங்கள். தெருவில் மற்ற வீட்டாரின் கையொப்பமும் மிக முக்கியம். ஒரு வீட்டின் முறையீடு தனிப்பட்ட பகையாகப் பார்க்கப்படும். பல வீடுகள் கையெழுத்திட்டால் அது நியாய சன்ஹிதாவின் 270-ஆவது பிரிவு சொல்லும் பொதுத் தொல்லை.

நிர்வாகம் அசையாவிட்டால் மனுவை மாநகரக் காவல் ஆணையருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் கொடுங்கள். ஒலி மாசு விதிகள் "அதிகார அமைப்பு" என்று குறிப்பிடும் வரையறையில் இந்த இருவரும் அடங்குவர். இரவுத் தடை மீறப்பட்டால் பாதிக்கப்பட்டவர் அந்த அமைப்பிடம் புகார் செய்யலாம் என்கிறது 7-ஆவது விதி. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் நேரில் கொடுத்து, மனு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். ஏர் ஹார்னுக்கான மனுவைத் தனியாக வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்குக் கொடுங்கள். வண்டியின் தகுதிச் சான்று (எஃப்.சி.), பர்மிட் இரண்டும் அவர் கையில் இருக்கின்றன. மனுவில், "அதிகாலை 4.30 முதல் 5 மணிக்குள் நேரில் வந்து ஆய்வு செய்யவும்" என்று கட்டாயம் எழுதுங்கள். 194-எஃப் குற்றத்தை அதிகாரி கண்ணால் பார்த்தால் அந்த இடத்திலேயே அபராதம் விதிக்க முடியும். அலுவலக நேரத்தில் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று கோப்பை மூடிவிட இடம் கொடுக்கக் கூடாது.

காவல் நிலையத்தில் வாய்மொழியாகச் சொன்னதுதான் உங்களைத் திருப்பி அனுப்ப வசதியாகிவிட்டது. எழுத்தில் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். ஹார்ன் அடிப்பது நேரடியாக வழக்குப் பதியத்தக்க குற்றம் அல்ல, எனவே அதற்கு எஃப்.ஐ.ஆர். எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் புகாரைப் பதிவேட்டில் ஏற்க அவர்கள் மறுக்க முடியாது. ஓட்டுநர் திட்டியதும் மிரட்டியதும் வேறு கணக்கு. அவர் சொன்ன வார்த்தைகளைச் சொன்னபடியே, தேதி நேரத்தோடு, கேட்ட சாட்சிகளின் பெயரோடு எழுதுங்கள். பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டுவதற்கு நியாய சன்ஹிதாவின் 296-ஆவது பிரிவும் மிரட்டலுக்கு 351-ஆவது பிரிவும் இருக்கின்றன. எந்தப் பிரிவு பொருந்தும் என்பது அந்த வார்த்தைகளைப் பொறுத்தது. நாகரிகம் கருதி "தகாத வார்த்தை" என்று மட்டும் எழுதினால் எதுவும் பொருந்தாமல் போகும்.

இவற்றுக்குப் பிறகும் பஸ் அடித்துக்கொண்டே வந்தால், குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவின் கீழ் வருவாய்க் கோட்டாட்சியரிடம், பொதுத் தொல்லையை நீக்க நிபந்தனை உத்தரவு கேட்டு மனு போடலாம். அதற்கும் பலன் இல்லையென்றால் சென்னை உயர் நீதிமன்றத்தில், கொடுத்த மனுக்கள் மீது நடவடிக்கை எடுக்க உத்தரவிடக் கோரி ரிட் மனு. மனு எண், ஒப்புகை அட்டை, சி.எஸ்.ஆர். ரசீது, வீடியோ இவை நான்கும் கையில் இருந்தால் அந்த வழக்கை நடத்துவது எளிது. இப்போதிருந்தே ஒரு கோப்பில் தேதிவாரியாக அடுக்கி வையுங்கள்.