நேர்கோட்டுக் கணக்கெடுப்பு: கோட்டருகே குரங்குக் கூட்டங்கள் குறைவது ஏன்?

காட்டில் ஒரு நேர்கோட்டில் நடந்து, கண்ணில் படும் கூட்டங்கள் கோட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தன என்று குறித்து, அதிலிருந்து அடர்த்தியைக் கணிப்பதுதான் இம்முறை. உங்கள் பதிவில் கோட்டருகே கூட்டங்கள் குறைவாக இருந்தால், அந்தத் தரவை அப்படியே அடர்த்திக் கணக்கில் போடாதீர்கள். கோட்டிலிருந்து 0–10 மீட்டரில் 4 கூட்டம், 10–20 மீட்டரில் 13 என்றால், பெரும்பாலும் குரங்குகள் உங்களைக் கண்டு விலகிய பிறகுதான் தூரத்தை அளந்திருக்கிறீர்கள். கோட்டின் மேலிருப்பவை தப்பாமல், விலகுமுன்பே கண்ணில் படும் என்பதே இம்முறையின் அஸ்திவாரம். அது ஆடினால் அடர்த்தி குறைவாக வரும்.

பதிவுத்தாளில் ‘முதலில் பார்த்தபோது என்ன செய்துகொண்டிருந்தன’ என்ற பத்தி இருந்தால், மேய்ந்தவை, ஓடியவை என்று பிரித்து, எந்தத் தூரத்தில் எத்தனை கூட்டம் என்று இரண்டு வரைபடம் போட்டுப் பாருங்கள். ஓடியவற்றில் மட்டும் கோட்டருகே பள்ளம் தெரிந்தால் காரணம் உறுதி. இரண்டிலும் தெரிந்தால் நடந்த கோட்டின் மீதே சந்தேகப்படுங்கள்: பழைய வண்டிப்பாதையில் நடந்தீர்களா? மேலே கிளைகள் கூடாத இடத்தில் மரவாசிகள் எப்படி இருக்கும்!

இனி மணிக்கு 1 கி.மீ. வேகத்தில் நடந்து, அவ்வப்போது நின்று காது கொடுங்கள். கூட்டம் முதலில் இருந்த இடத்தின் மையத்துக்குத் தூரமும், கோட்டிலிருந்து கோணமும் எடுங்கள்; செங்குத்துத் தூரம் = தூரம் × சைன் கோணம். 30 மீட்டர், 30 பாகை என்றால் 15 மீட்டர். முதலில் கண்ட ஒற்றைக் குரங்குக்கு அளப்பது இன்னொரு பிழை. அது பெரும்பாலும் உங்கள் பக்கத்து ஓரத்தில் இருக்கும்.

ஏற்கெனவே எடுத்ததற்கு, முதல் இரு இடைவெளிகளையும் 0–20 என்று சேர்த்துப் பார்க்கலாம். ஓரளவுதான் சரியாகும். தவிர, 60–80 பதிவுகளாவது சேராமல் கண்டறிதல் வளைவை (தூரம் கூடக்கூடக் கண்ணில் படும் வாய்ப்பு எப்படிக் குறைகிறது என்று காட்டுவது) நம்ப முடியாது.