மறுமொழி: ‘பீநட்ஸ் கிறுக்கல்’ என்கிறாள் மகள்

தேவகோட்டை அண்ணே, முகமூடி வீரர் வேதாளரின் (ஃபேன்டம்) காமிக்ஸ் மாதிரி வரைந்தால்தான் ஓவியம், பீநட்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகைப் படத்தொடர் வெறும் கிறுக்கல் என்று பாப்பா ஒதுக்குவதாக எழுதியிருந்தீர்கள். வாதாட வேண்டாம். பீநட்ஸின் நாயகச் சிறுவன் சார்லி பிரவுனின் முகத்தை மட்டும் பேனாவால் பார்த்து வரையச் சொல்லுங்கள், அழிரப்பர் இல்லாமல். ஆச்சிமார் இடும் நடுவீட்டுக் கோலம்போல, கோடு குறையக் குறைய ஒரு பிசகும் மறையாது.

1950இல் பீநட்ஸுக்குப் பத்திரிகை ஒதுக்கிய இடமே சின்னது. அதனால் அதை வரைந்த ஷுல்ஸ் பின்னணியைக் குறைத்து, புருவத்திலும் வாய்க்கோட்டிலும் மனத்தைச் சொன்னார். பிற்காலத்தில் கை நடுங்கியது. அந்த நடுக்கம் கோட்டிலும் தெரியும். எனக்கு அந்தக் கோடுகள்தான் ரொம்பப் பிடிக்கும்.

வேதாளரிலேயே 1936இல் ரே மூர் வரைந்தது கருநிழல் அடர்ந்தது. 1961இல் வந்த ஓவியர் சை பாரியின் கோடு துல்லியம். இரண்டையும் அருகருகே வைத்து, வசனத்தை மறைத்துக் காட்டுங்கள்.