ஊர் இல்லாதவள் எதை எழுதுவது?

கேள்வி: அக்கா, எனக்கு வயது 27. பிறந்தது, படித்தது எல்லாம் வெள்ளவத்தையில். புறக்கோட்டையில் ஒரு புடைவை மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். சிறுகதை எழுதுவதில் மிகுந்த ஆசை. ஞாயிறுப் பத்திரிகைகளுக்கு இரண்டு கதைகள் அனுப்பினேன். பதிலே இல்லை. கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு ஊர் இருக்கிறது, போர்க்கால நினைவு இருக்கிறது. எனக்குத் தொடர்மாடி வீடும் கடையும்தான் தெரியும். கடை வாசலில் நிற்கும், மூட்டை சுமக்கும் நாட்டாமை ஐயாவுக்கு மாதா மாதம் பாங்க் சிலிப் நிரப்பிக் கொடுப்பேன். அதைத் தவிர என்னிடம் யாரும் எதையும் எழுதித் தரச் சொன்னதில்லை. நான் எதை எழுதலாம்? எங்கே அனுப்பலாம்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்:

அன்புத் தங்கச்சி, உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். மூன்று தடவையும் அந்தப் பாங்க் சிலிப்பில்தான் நின்றேன். அதைப் போகிறபோக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள். நாள் முழுக்க மூட்டை சுமக்கும் ஒருவர், தன் உழைப்பில் எவ்வளவு வீட்டுக்குப் போகிறது என்பதை மாதம் ஒரு தடவை உங்களிடம் வாய்விட்டுச் சொல்கிறார். முதலாளிக்குத் தெரியாத கணக்கு அது. அவருடைய பிள்ளைகளுக்கும் தெரியாமல் இருக்கலாம். உங்களுக்குத் தெரியும். அவர் தொகையை உடனே சொல்லிவிடுவாரா, கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வாரா? போன மாதத்தை விடக் குறைந்தால் உங்கள் முகத்தைப் பார்ப்பாரா? இதை எழுதக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான்.

சரி, ஊர் விஷயத்துக்கு வருகிறேன். கொழும்பில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளையிடம் யாரும் முதலில் கேட்பது ‘நீங்கள் எந்த ஊர்?’ என்றுதான். வெள்ளவத்தை என்று சொன்னால் விடமாட்டார்கள். ‘இல்லை, சொந்த ஊர்?’ என்பார்கள். அப்பாவின் ஊரைச் சொல்வோம். அந்த ஊரில் நாம் மொத்தமாக ஒரு மாதம்கூட இருந்திருக்கமாட்டோம். எனக்கும் இது நடந்தது. அதனால்தான் என் முதல் கதையை நான் வாழாத ஒரு யாழ்ப்பாணக் கிராமத்தில் வைத்தேன். மார்கழி மாதம், மழை, பேரன் வந்திருக்கிறான், தாத்தா நுங்கு வெட்டிக் கொடுக்கிறார். கதை திரும்பி வந்தது. ஆசிரியர் ‘நுங்கு’ என்ற சொல்லைப் பென்சிலால் வட்டமிட்டு, ‘மார்கழியில் நுங்கு இல்லை’ என்று மட்டும் எழுதியிருந்தார். அன்று அழுதேன். அந்தத் தாளை இன்றும் வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு நான் கண்ணால் பார்த்த தெருவைத்தான் எழுதினேன்.

நீங்கள் பார்த்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் வெட்டினார்களே, அப்போது உங்கள் தொடர்மாடியில் லிஃப்ட் நின்றிருக்கும். ஐந்தாம் மாடியில் தனியாக இருக்கும் வயதானவர்கள் என்ன செய்தார்கள்? வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை தொலைபேசியில் கேட்டபோது உண்மையைச் சொன்னார்களா? அவர்களுக்குப் பால்மாவை மேலே தூக்கிக்கொண்டு போனது யார்? அதுவரை வணக்கம்கூடச் சொல்லாத பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம். போரைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று உங்களுக்கு யாரும் விதிக்கவில்லை. எழுதினாலும் கொழும்பில் அது வேறு முகத்தோடு இருந்தது: பொலிஸ் பதிவு, செக் பொயின்ட், இரவில் தட்டப்படும் கதவு. உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். அடையாள அட்டை இல்லாமல் கடைக்குப் போன ஒரு நாள் அவருக்கும் இருந்திருக்கும்.

அப்புறம், காது. இதை நான் அழுத்திச் சொல்வேன். உங்கள் கடையில் முதலாளி ஒரு தமிழ் பேசுவார், நாட்டாமை ஐயா மலையகத்துத் தமிழ் பேசுவார், நீங்கள் வீட்டுக்குப் போனால் அம்மா ‘வந்திட்டியோ’ என்பார். இடையில் வாடிக்கையாளர் ஒருவர் சிங்களத்தில் ‘ஹரி’ என்று பேரத்தை முடிப்பார். இத்தனையும் ஒரே பகலில் உங்கள் காதில் விழுகிறது. கதையில் மட்டும் எல்லோரும் பாடப்புத்தகம் மாதிரிப் பேசினால் வாசகர் நம்பமாட்டார். ஒரு கொப்பி வாங்கி, 100ஆம் இலக்க பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அன்று கேட்ட ஒரு வாக்கியத்தை அப்படியே எழுதி வையுங்கள். ஒன்று போதும்.

வாசிப்பதற்குச் செலவில்லாத வழிகள் உண்டு. 57ஆவது லேனில் கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, 1942இல் தொடங்கியது. உங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். அங்குள்ள நூலகத்தில் ஈழத்துச் சிறுகதைத் தொகுப்புகளைத் தேடி எடுங்கள். ‘நூலகம்’ இணையத்தளத்தில் பழைய சஞ்சிகைகளும் இருக்கின்றன. 1966இல் யாழ்ப்பாணத்தில் ஒரு சலூனை நடத்திக்கொண்டே ஒருவர் தொடங்கிய ‘மல்லிகை’ இதழ்களை அங்கே பாருங்கள். பின்னாளில் அது கொழும்பிலிருந்தே வந்தது.

அனுப்புவதற்கு வீரகேசரி, தினகரன், தினக்குரல் வாரப் பதிப்புகளை விட்டுவிடாதீர்கள். பதில் வராதது மறுப்பு என்றே நினைக்க வேண்டாம். இரண்டு மாதம் பார்த்துவிட்டு, ஒரு சிறு கடிதம் எழுதி, வேறு இடத்துக்கு அனுப்புவதாகச் சொல்லிவிட்டு அனுப்புங்கள். ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பவே கூடாது. ‘ஞானம்’, ‘ஜீவநதி’ போன்ற சிற்றிதழ்களையும் பாருங்கள். சன்மானத்தைப் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். ஆனால் கதையை உண்மையாக வாசிக்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

பலருக்குத் தெரியாத ஒரு வாய்ப்பும் இருக்கிறது. பொதுநலவாயச் சிறுகதைப் பரிசுக்குத் தமிழிலேயே கதை அனுப்பலாம். கட்டணம் இல்லை. 2,000 முதல் 5,000 சொற்கள், எங்கும் வெளியாகாத கதையாக இருக்க வேண்டும். 2021இல் அந்தப் பரிசை வென்றவர் இலங்கைப் பெண் ஒருவர், ஆங்கிலத்தில் எழுதுகிறவர். தமிழ்க் கதை ஒன்று அந்த மேடையில் நிற்பதைப் பார்க்க எனக்கு மிகுந்த ஆசை. ஒவ்வோர் ஆண்டும் விதிகளை அறிவிப்பார்கள், அந்த ஆண்டின் விதியைப் பார்த்து அனுப்புங்கள்.

கதையை யாராவது திருடிவிடுவார்களோ என்ற பயம் வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை உங்களுடையது. பதிவு தேவையில்லை. ஆனால் புத்தகத்துக்கு அவசரப்படாதீர்கள். இங்கே முதல் தொகுப்பை அச்சிடும் செலவு பெரும்பாலும் எழுதியவர் தலையில்தான் விழுகிறது. பத்துக் கதை சேருவதற்குள் கடன் வாங்கி, மண்டபம் பிடித்து, முதற்பிரதி, சிறப்புப் பிரதி என்று விழா வைத்து, பிறகு கட்டுக்கட்டாகக் கட்டிலுக்கடியில் புத்தகம் வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் நல்ல எழுத்தாளர்களும் இருக்கிறார்கள், அதுதான் மனதை வருத்துகிறது.

இப்போதைக்கு ஒரு கதை. நாட்டாமை ஐயா உங்களை நம்பித்தான் அந்தத் தொகையைச் சொல்கிறார், அதனால் பெயரையும் ஊரையும் கட்டாயம் மாற்றுங்கள். அவர் ஹட்டன் என்றால் பண்டாரவளை ஆக்கலாம். ஆனால் மாற்றும்போது முழுதாக மாற்றுங்கள்: பஸ் இலக்கம் மாறும், போய்ச் சேரும் நேரம் மாறும். ஆடி மாதத்தில் ஹட்டனில் விடாமல் மழை பெய்யும், பண்டாரவளையில் வெயில் அடிக்கும்.