'தி ரெய்டு': அடி புரிகிறது, ஆள் புரியவில்லை

கேள்வி: சென்ற இதழில் நீங்கள் பரிந்துரைத்த இந்தோனேசியப் படம் 'தி ரெய்டு' பார்த்தேன். தாதா ஒருவனைப் பிடிக்க அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் போலீஸ் படை நுழைந்து மாட்டிக்கொள்கிறது. அதன் பிறகு அடிதடி, அடிதடி, மறுபடியும் அடிதடி. என் தம்பி கைதட்டிப் பார்த்தான். எனக்குப் பாதியிலேயே அலுத்துவிட்டது. அப்படி என்ன கண்டீர்கள் இதில்?

பதில்: உங்கள் அலுப்புக்குக் காரணம் இருக்கிறது, அதற்கு வருகிறேன். முதலில் உங்கள் தம்பியின் பக்கம் நின்று பேசிவிடுகிறேன்.

நான் எடிட்டிங் மேசையில் வேலை பார்த்தவன். சண்டைக் காட்சி என்றால் என் கண் முதலில் ஒரு ஷாட் முடிந்து அடுத்த ஷாட்டுக்கு மாறும் வெட்டைத்தான் தேடும். நிறைய படங்களில் கை ஓங்கும்போது ஒரு வெட்டு, முகம் திரும்பும்போது இன்னொரு வெட்டு, ஆள் விழும்போது மூன்றாவது. நடுவில் அடி என்று ஒன்று விழவே இல்லை. அதை நாங்கள் மேசையில் ஒட்டித் தயாரித்திருப்போம். நடிகருக்குச் சண்டை தெரியாதபோது அதைத் தவிர வேறு வழியும் கிடையாது.

இந்தப் படத்தை இயக்கியவர் வேல்ஸ் நாட்டுக்காரரான காரத் எவன்ஸ். எடிட்டிங்கும் அவரே. ஒரு ஷாட்டை அடி தொடங்குவதற்குச் சற்று முன்பே ஆரம்பித்து, உடம்பு தரையைத் தொடும்வரை விட்டுவைக்கிறார். கேமரா கையில் பிடித்ததுதான், ஆடத்தான் செய்கிறது. ஆனாலும் கால் எங்கே ஊன்றியிருக்கிறது, சுவர் எத்தனை அருகில் இருக்கிறது, கத்தி எந்தக் கையில் இருக்கிறது என்பதெல்லாம் எந்த நொடியிலும் நமக்குத் தெரிகிறது. தரையைக் கோடரியால் உடைத்துக் கீழ்த்தளத்துக்குக் குதிக்கும் இடத்தில் கேமராவும் அதே ஓட்டை வழியாக இறங்குகிறது. இப்படி இடத்தின் அளவு நம் மனசில் பதிந்துவிட்டால், தாழ்வாரத்தின் கோடியில் ஒரு கதவு திறந்தாலே போதும், பயம் தானாக வந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த காட்சியில் சண்டையே கிடையாது. நாயகன் ராமா, காயம்பட்ட சக போலீஸ்காரன் போவோவைத் தாங்கிக்கொண்டு சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறான். தேடி வந்த ரவுடி சந்தேகத்தில் அரிவாளைச் சுவருக்குள் செருகுகிறான். அது ராமாவின் கன்னத்தைக் கிழிக்கிறது. அவன் கத்தவில்லை. அரிவாள் வெளியே போகும்போது அதில் ரத்தம் தெரியாதபடி துடைத்து அனுப்புகிறான். ராமா எத்தனை நிதானமானவன், எத்தனை பயந்திருக்கிறான் என்பது அந்த ஒரு செய்கையில் வந்துவிடுகிறது. எந்த வசனமும் அதைச் சொல்லியிருக்க முடியாது.

அடுத்தது, தாதாவின் அடியாளான மேட் டாக் என்ற வில்லனும் போலீஸ் அதிகாரி ஜகாவும் மோதும் இடம். மேட் டாக் கையில் துப்பாக்கி இருக்கிறது. சுட்டால் முடிந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு வெறுங்கையால் அடிக்க வருகிறான், ஏனென்றால் அவனுக்கு அதில்தான் சுகம். ஜகாவாக நடித்த ஜோ தஸ்லிம் இந்தோனேசிய ஜூடோ அணியில் இருந்தவர். அவர் பிடித்துத் தூக்கி எறிகிறார், சின்ன உருவமான மேட் டாக் ஒவ்வொரு முறையும் எழுந்து மறுபடி மேலே பாய்கிறான். ஒருவன் கடமைக்காக அடிக்கிறான், இன்னொருவன் ஆசைக்காக அடிக்கிறான். இரண்டு பேரின் அடியும் வேறு வேறாகத் தெரிகிறது பாருங்கள், இதைச் சாதிக்கிற சண்டை வடிவமைப்பு அபூர்வம்.

சரி, இப்போது உங்கள் அலுப்பு. அதற்கு அடிதடியின் அளவு காரணம் என்று நான் நினைக்கவில்லை. சண்டை நின்றதும் எவன்ஸின் அக்கறையும் நின்றுவிடுகிறது, அதுதான் காரணம். தொடக்கத்திலேயே ஒரு சிறுவன் போலீசைப் பார்த்துக் கூச்சலிடுகிறான். லெப்டினன்ட் வாஹ்யு அவனைச் சுட்டுவிடுகிறார். எவ்வளவு பெரிய விஷயம் அது! சுட்டது போலீஸ், செத்தது ஒரு குழந்தை. கூட இருந்தவர்களின் மனசில் அது எப்படி இறங்கியது, அந்தச் சிறுவன் யார் வீட்டுப் பிள்ளை, ஒன்றுக்கும் பதில் இல்லை. எச்சரிக்கை மணி அடிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது, அவன் அடித்தான், கதை அவனைக் கடந்து போய்விட்டது.

கோஃபர் என்ற குடித்தனக்காரரையும் எடுத்துக்கொள்ளுங்கள். நோயில் கிடக்கும் மனைவிக்கு மருந்து கொண்டு வருகிறவர், பிறகு உயிரைப் பணயம் வைத்து ராமாவுக்குக் கதவைத் திறக்கிறார். அந்தக் கட்டடத்தில் நாம் நெருங்கிப் பார்க்கும் சாதாரணக் குடும்பம் அதுதான். அவர்கள் எப்படி அங்கே வந்தார்கள், ஏன் போகமுடியவில்லை என்று அமைதியான ஒரு காட்சி வைத்திருந்தால், கதவுக்கு வெளியே கேட்கும் காலடிச் சத்தம் இன்னும் பல மடங்கு கனத்திருக்கும். பெண்கள் என்று பார்த்தாலும் குறிப்பிடும்படி இருப்பவர்கள் இரண்டு பேர்தான்: ராமாவின் கர்ப்பிணி மனைவி, கோஃபரின் மனைவி. இரண்டு பேருமே படுக்கையில்.

அப்புறம் அண்ணன் தம்பி விவகாரம். தாதாவின் வலது கையாக இருக்கும் ஆண்டி, ராமாவின் அண்ணன். இந்த உறவுதான் படத்தின் உயிர்நாடியாக இருந்திருக்க வேண்டும். இரண்டு பேரும் உட்கார்ந்து பேசும் காட்சியில் வசனம் தகவலைக் கொட்டிவிட்டு எழுந்து போகிறது. போலீஸ் ஊழல் பற்றிய திருப்பமும் அதே மாதிரிதான், வாயால் சொல்லி முடிக்கிறார்கள். சுவருக்குள் செருகிய அரிவாளுக்குக் கொடுத்த பொறுமையில் பாதியை அண்ணன் முகத்துக்குக் கொடுத்திருந்தால், கடைசிச் சண்டையில் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து மேட் டாக்கை எதிர்க்கும்போது நீங்கள் நாற்காலி நுனிக்கு வந்திருப்பீர்கள்.

அந்தக் கடைசிச் சண்டையில் இன்னொரு வருத்தமும் எனக்கு உண்டு. உடைந்த குழல்விளக்கு கழுத்தில் குத்தி நிற்க, மேட் டாக் சண்டையைத் தொடர்கிறான். அதுவரை உடம்பு என்றால் வலிக்கும், கிழியும் என்று நம்ப வைத்த படம், முடிவில் தன் விதியைத் தானே மீறுகிறது. போதைமருந்துக் கூடத்தில் நடக்கும் சண்டையிலும் சறுக்கல் தெரியும். தாழ்வாரம் குறுகல், ஒவ்வொருவராகத்தான் வரமுடியும், ஏற்றுக்கொள்ளலாம். அந்தக் கூடம் விசாலமானது. அங்கேயும் அடியாட்கள் முறை வைத்துக் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: படத்தில் காட்டுவது நிஜமான தற்காப்புக் கலையா? கிராஃபிக்ஸ் இல்லவே இல்லை என்கிறார்களே?

பதில்: கலை நிஜம். பென்சாக் சிலாட் இந்தோனேசியாவின் மரபுக்கலை. 2019இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நாயகன் இக்கோ உவைஸ் சிறுவயதிலிருந்தே சிலாட் பயின்றவர். எவன்ஸ் சிலாட் பற்றி ஆவணப்படம் எடுக்கப் போன இடத்தில்தான் அவரைப் பார்த்தார். உவைஸ் அப்போது ஓட்டுநர் வேலையில் இருந்தார். மேட் டாக்காக வரும் யாயன் ருஹியானும் சிலாட் ஆசானே. சண்டைகளை வடிவமைத்ததும் இவர்கள்தான்.

கிராஃபிக்ஸ் இல்லை என்பது சரியல்ல. படப்பிடிப்பில் பயன்படுத்தியவை ஏர்சாஃப்ட் என்ற விளையாட்டுத் துப்பாக்கிகள். குழல்முனையில் தெரியும் தீப்பொறி பிறகு கணினியில் சேர்த்தது. சுமார் 11 லட்சம் டாலரில் எடுத்த படத்துக்கு அது புத்திசாலித்தனமான முடிவு. துப்பாக்கியால் யாருக்கும் உயிராபத்து வராது என்பதால் அந்தத் தீப்பொறியை நான் குறையாகவே பார்க்க மாட்டேன்.

கேள்வி: தாய்லாந்தின் 'ஓங்-பாக்' படம் இதைவிட மேல் என்று என் நண்பர்கள் வாதிடுகிறார்கள். உங்கள் கருத்து?

பதில்: அதன் நாயகன் டோனி ஜாவின் உடல் செய்யும் வித்தையை மட்டும் பார்த்தால் நண்பர்கள் பக்கம் வலுவானது. 2003இல் வந்த படம். ஆனால் அதில் பெரிய சாகசம் ஒன்று முடிந்ததும் அதையே வேறு கோணத்தில் திரும்பக் காட்டுகிறார்கள். 'பார்த்தாயா, கயிறு கட்டவில்லை' என்று நிரூபிக்கும் அவசரம் அது. அந்த நிமிடத்தில் கதைமாந்தன் மறைந்து சாகசக்காரர் மட்டும் நிற்கிறார். ஜாக்கி சானின் ஹாங்காங் படங்களிலும் அடி விழும் கணத்தை அடுத்த கோணத்தில் சில ஃபிரேம்கள் திரும்ப வைப்பார்கள். அது கண் உணராத அளவு. அடிக்குக் கனம் கூட்டும், கதையை நிறுத்தாது. இரண்டையும் ஒன்றாக நினைக்கக் கூடாது.

கேள்வி: என் மகளுக்குப் பதின்மூன்று வயது. கராத்தே கற்கிறாள். 'தி ரெய்டு' பார்க்க ஆசைப்படுகிறாள். விடலாமா?

பதில்: வேண்டாம். தாதா தாமா அறிமுகமாகும் காட்சியில், கைகட்டப்பட்டவர்களை வரிசையாகச் சுட்டுவரும்போது குண்டு தீர்ந்துவிட, கடைசி ஆளுக்குச் சுத்தியலை எடுக்கிறான். அமெரிக்காவிலும் படத்துக்கு 'ஆர்' சான்றிதழ்தான், அதாவது பதினேழு வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம். சண்டைப் பயிற்சி பெறும் குழந்தைக்கு உடம்பின் சமநிலை, தூரம், நேரம் இவற்றைக் காட்டும் படங்கள் போதும். ஜாக்கி சானின் பழைய நகைச்சுவைப் படங்களில் அது தாராளமாகக் கிடைக்கும். நீங்களும் கூட உட்கார்ந்து, எந்த இடத்தில் கால் மாறுகிறது என்று அவளைச் சொல்லச் சொல்லிப் பாருங்கள். கராத்தே கற்பவள் என்பதால் உங்களைவிட முன்னதாகவே கண்டுபிடிப்பாள்.