முப்பதைத் தாண்டிய முரட்டு பவர் ஃபோர்வேர்டை ஒரு ஹொக்கி அணி எடுக்கலாமா?

கேள்வி கேட்டவர் சொன்னதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: அவருடைய என்எச்எல் (வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹொக்கி லீக்) அணிக்கு முன்வரிசையில் கனம் போதாது, ஒரு காலத்தில் 30 கோல் அடித்த, ஆட்களை இடித்துத் தள்ளுகிற பெரிய விங்கர் ஒருவர், அதாவது ஓரத்தில் ஆடும் பவர் ஃபோர்வேர்ட், சந்தைக்கு வருகிறார், வயது முப்பதைத் தாண்டிவிட்டது, எடுக்கலாமா?

ஓராண்டுக்கு என்றால் எடுங்கள். இரண்டு ஆண்டு என்றால் யோசியுங்கள். ஐந்து, ஏழு என்று அவருடைய ஏஜென்ட் வாயைத் திறந்தால் ஃபோனை வைத்துவிடுங்கள். இதைச் சொல்ல எனக்கு இருக்கும் ஒரே தகுதி, ஸ்காபரோவில் இருபது வருடமாக ரொறன்ரோ லீஃப்ஸ் அணியைப் பார்த்து மனம் நொந்தவன் என்பதுதான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அது சின்னத் தகுதி இல்லை.

2013 மே 13 இரவு நான் மாமா வீட்டில் இருந்தேன். பொஸ்டனுக்கு எதிராக முதல் சுற்றின் ஏழாவது ஆட்டம், வென்றவர் அடுத்த சுற்றுக்கு. சீசன் முடிந்து ஸ்டான்லி கிண்ணத்துக்காக ஆடும் பிளேஓஃபுக்கே லீஃப்ஸ் 2004க்குப் பிறகு அப்போதுதான் வந்திருந்தது. மூன்றாவது, அதாவது கடைசிப் பீரியடில் 4-1 என்று முன்னால் நின்றோம், மாமி தேத்தண்ணி போட எழும்பிவிட்டா, மாமா அடுத்த சுற்றில் யாருடன் ஆட்டம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். முதலில் நேதன் ஹோர்ட்டன் ஒன்று போட்டார், 4-2. அது பரவாயில்லை. கடைசி ஒன்றரை நிமிடத்துக்குள் மிலான் லூசிச் கோலுக்கு முன்னால் போய் நின்று ஒன்றைத் தள்ளிவிட்டார், அரை நிமிடம் கழித்து பேர்ஜரோன் சமன் செய்தார், ஓவர்டைமிலும் அவரே முடித்துவைத்தார். தேத்தண்ணி ஆறிப்போனது. அதை யாரும் குடிக்கவில்லை.

ஹோர்ட்டன், லூசிச் இரண்டு பெயரையும் மறக்காமல் வைத்திருங்கள், திரும்ப வருவார்கள்.

அந்தத் தோல்வியில் ரொறன்ரோ படித்த பாடம் என்னவென்றால், பொஸ்டனிடம் மலைபோல ஆட்கள் இருக்கிறார்கள், எங்களிடம் இல்லை என்பது. பாதி உண்மை. சரி, அப்படியானால் ஒரு மலையை வாங்குவோம் என்று ஜூலையில் டேவிட் கிளார்க்சனை எடுத்தார்கள். ஏழு ஆண்டு, 36.75 மில்லியன் டொலர், ஆண்டுக்கு 5.25 மில்லியன். ஊர்ப் பொடியன் வேறு, ரொறன்ரோவில் பிறந்தவர். நியூ ஜேர்சியில் 2011-12 சீசனில் 30 கோல் அடித்திருந்தார். அதற்கு முன் அவருடைய சிறந்த சீசன் 17 கோல். இந்த இரண்டாவது எண்ணை அந்த வாரம் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மாமா அவருடைய பெயர் போட்ட ஜேர்சியே வாங்கிவிட்டார்.

சீசன் தொடங்கும் முன்பே, பஃபலோவுடன் நடந்த பயிற்சி ஆட்டத்தில் சண்டை மூண்டது. எதிரணியின் இராட்சதர் ஒருவர் எங்கள் நட்சத்திர வீரர் கெசலைப் பிடிக்கப் போனார், கிளார்க்சன் பெஞ்சிலிருந்து பாய்ந்து உள்ளே குதித்தார். பெஞ்சை விட்டு இறங்கிச் சண்டைக்குப் போனால் விதிப்படி 10 ஆட்டம் தடை. ரசிகர்கள் கைதட்டினோம், மறைக்க ஒன்றும் இல்லை, எனக்கும் புல்லரித்தது. 10 ஆட்டம் முடிந்து வந்து அந்த சீசனில் மொத்தம் 5 கோல். 5.25 மில்லியனுக்கு 5 கோல். வேலைத்தலத்தில் ஒரு எட்மன்டன் ரசிகர் ஒவ்வொரு திங்கட்கிழமையும் என்னிடம் வந்து, ஒரு கோல் என்ன விலை என்று கேட்பார். (அவருடைய முறையும் வந்தது.)

2015 பெப்ரவரியில் ரொறன்ரோ கிளார்க்சனை கொலம்பஸுக்குத் தள்ளிவிட்டு அங்கிருந்து வாங்கியது யாரை என்று நினைக்கிறீர்கள்? ஹோர்ட்டனை. அதே மே 13 ஹோர்ட்டன். அவரும் 2013 ஜூலையிலேயே கொலம்பஸுடன் ஏழு ஆண்டு ஒப்பந்தம் போட்டவர், ஒரு சீசன் ஆடினார், முதுகு போய்விட்டது, பிறகு ஐஸில் இறங்கவே இல்லை. ஆடவே முடியாத ஒருவரை வாங்குவது எங்களுக்கு லாபம், ஏனென்றால் நீண்டகாலக் காயப் பட்டியலில் போட்டால், ஒரு அணி சம்பளத்துக்குச் செலவழிக்கக்கூடிய உச்சவரம்பை அவருடைய சம்பளத்தின் அளவுக்கு அப்போது தாண்ட முடிந்தது. அந்த ட்ரேடை நாங்கள் கொண்டாடினோம். ஒரு விளையாட்டில் நல்ல செய்தி என்பது எவ்வளவு கீழே போக முடியும் என்று பாருங்கள். அதைவிட வேடிக்கை, கிளார்க்சனுக்கும் பிறகு முதுகு போய், அவருடைய ஒப்பந்தம் வேகாஸுக்குப் போய், 2019 ஜூலையில் அதே காயப் பட்டியல் வித்தைக்காக ரொறன்ரோவே அதைத் திரும்ப வாங்கியது. "பாத்தியே, பிள்ளை வீட்டுக்கு வந்திட்டுது" என்றார் மாமா.

எட்மன்டன் கதை இன்னும் நீளம். 2016 கோடையில் தங்கள் நட்சத்திர விங்கர் டெய்லர் ஹோலை நியூ ஜேர்சிக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு நாளில் லூசிச்சை ஏழு ஆண்டுக்கு 42 மில்லியனில் எடுத்தார்கள். மக்டேவிட் என்ற 19 வயதுப் பொடியனைப் பாதுகாக்க ஒரு பெரியவர் வேண்டும் என்ற எண்ணம். முதல் ஆண்டு 23 கோல், எல்லாருக்கும் சந்தோஷம். இரண்டாம் ஆண்டு 10. மூன்றாம் ஆண்டு 6. இதற்கிடையில் ஹோல் 2018இல் லீக்கின் மிகச்சிறந்த வீரர் விருதை வாங்கினார். லூசிச்சை விலக்கவும் வழியில்லை. பொதுவாக ஒரு வீரரை பையவுட் செய்தால், அதாவது காசு கொடுத்து ஒப்பந்தத்தை இடையில் முறித்தால், மிச்சச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கை இரட்டிப்பு ஆண்டுகளுக்குப் பரப்பிக் கொடுக்கலாம், ஆனால் கையெழுத்து போனஸாக எழுதிய காசு அதில் குறையாது. அவருடைய ஒப்பந்தத்தில் காசின் பெரும்பகுதி அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது.

ஆகவே 2019இல் கல்கரியின் தவறைத் தங்கள் தவறுக்கு மாற்றினார்கள்: லூசிச்சைக் கொடுத்து ஜேம்ஸ் நீலை எடுத்தார்கள். நீல் முதல் சீசனில் 19 கோல் போட்டார், பிறகு அவரும் சரிந்தார், 2021இல் பையவுட். அந்தக் கணக்கு ஆண்டுக்கு 1.9 மில்லியன் என்று 2024-25 வரை ஓடியது. அதாவது 2024 ஜூனில் எட்மன்டன் ஃபுளோரிடாவிடம் இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தைத் தோற்ற இரவிலும், எட்டு வருடம் முந்தைய ஒரு கையெழுத்தின் வால் அவர்களுடைய கணக்கில் தொங்கிக்கொண்டிருந்தது.

இப்போது வயதைக் கவனியுங்கள். கையெழுத்துப் போட்டபோது கிளார்க்சனுக்கு 29, ஹோர்ட்டனுக்கும் லூசிச்சுக்கும் 28. ஒருவருக்கும் முப்பது ஆகவில்லை. உங்கள் ஆளுக்கு முப்பது தாண்டிவிட்டது என்கிறீர்கள்.

பவர் ஃபோர்வேர்டின் வயதைப் பிறந்த தேதியில் பார்த்தால் ஏமாந்துபோவோம், அது பழைய வேனின் கிலோமீட்டர் மாதிரி. இருபது வயதிலிருந்து சீசனுக்கு 82 ஆட்டம், ஒவ்வொன்றிலும் ஐஸைச் சுற்றியிருக்கும் பலகையோடு ஆளைச் சாத்துவதும் தானும் சாத்துவாங்குவதும், கோலுக்கு முன்னால் நின்று முதுகில் தடியடி வாங்குவதும். இந்த வகைக்கே இலக்கணமாகச் சொல்லப்படுகிற கேம் நீலி 1993-94இல் தான் ஆடிய 44வது ஆட்டத்திலேயே 50வது கோலை அடித்தவர், இடுப்பும் காலும் ஒத்துழைக்காமல் 31 வயதில் ஆட்டத்தை விட்டார். அதுவும் அந்தக் காலத்து ஆட்டம். ஒரு சீசனே நடக்காமல் போன 2004-05 கதவடைப்புக்குப் பிறகு பிடித்து இழுப்பதற்கும் கொளுவுவதற்கும் நடுவர்கள் கண்டிப்பாக விசில் ஊதத் தொடங்கினார்கள், இரண்டு கோட்டைத் தாண்டும் நீண்ட பாஸையும் அனுமதித்தார்கள். கனமான ஆளுக்கு அன்றிலிருந்து பிடித்தது சனி. இடிக்க வேண்டும் என்றால் முதலில் போய்ச் சேர வேண்டுமே. கால் அரை அடி பிந்தினால் இடி விழும் நேரத்தில் பக் (ஆடுகிற ரப்பர் வட்டு) போய்விட்டிருக்கும், தடி மட்டும் ஆளில் மாட்டும், இரண்டு நிமிடம் பெனால்டி. முதலில் தெரிவது கோல் குறைவது இல்லை, இந்தத் தேவையில்லாத பெனால்டி கூடுவதுதான். கடைசி இரண்டு சீசனில் உங்கள் ஆள் வாங்கிய சின்னப் பெனால்டிகளை எடுத்துப் பாருங்கள்.

அந்த 30 கோலையும் பிரித்துப் பாருங்கள், யாருடன் ஆடி அடித்தார் என்று. லூசிச்சின் 30 கோல் வந்தது 2010-11இல், கிண்ணம் வென்ற ஆண்டில், நடுவில் க்ரெய்ச்சி, மறுபக்கம் ஹோர்ட்டன். க்ரெய்ச்சி மாதிரி மெதுவாகப் பக்கை வைத்திருந்து கொடுக்கிற ஒரு சென்டர் உங்கள் அணியில் இருக்கிறாரா? மக்டேவிட் ஓடுகிற ஓட்டத்துக்கு லூசிச்சால் ஈடுகொடுக்க முடியவில்லை, வேறு யாரால்தான் முடியும்.

இவ்வளவு திட்டிவிட்டு ஏன் ஓராண்டுக்கு எடுக்கச் சொல்கிறேன்? காரணம் கோரி பெரி.

2011இல் 50 கோல் அடித்து லீக்கின் சிறந்த வீரராக வந்தவர், 2019இல் அனாஹைம் அவரைக் காசு கொடுத்து அனுப்பியது. எல்லாரும் முடிந்தது என்றார்கள். டலஸ் 1.5 மில்லியனுக்கு ஓராண்டு எடுத்தது, இறுதிக்குப் போனார்கள். மொன்றியல் முக்கால் மில்லியனுக்கு எடுத்தது, இறுதிக்குப் போனார்கள். தம்பாவுடன் 2022இல், எட்மன்டனுடன் 2024இலும் 2025இலும் இறுதிக்குப் போனார். ஐந்திலும் தோல்வி, அது அவருடைய தலைவிதி (2007இல் ஒரு கிண்ணம் ஏற்கெனவே வாங்கிவிட்டார், ஆகவே அழத் தேவையில்லை). 2025 பிளேஓஃபில் 10 கோல், அதற்கிடையில் 40வது பிறந்தநாள். ஃபுளோரிடாவுடன் இரண்டாவது ஆட்டத்தில் 18 விநாடிகூட மிச்சமில்லாதபோது, கூடுதல் ஆளை இறக்க எட்மன்டன் தன் கோலியை (கோல் காப்பவரை) வெளியே எடுத்திருந்த நேரம், பெரி வலைவாசலில் நின்று சமன் செய்தார். வேலைத்தலத்து எட்மன்டன் நண்பர் நடுச்சாமத்தில் எனக்குச் செய்தி அனுப்பினார், வெறும் எழுத்துக் கூச்சல்.

பெரிக்கு எது மிஞ்சியது, லூசிச்சுக்கு எது மிஞ்சவில்லை? பெரி ஒருகாலமும் வேகமாக ஓடியவர் இல்லை, ஆகவே வேகம் போனபோது அவர் இழந்தது கொஞ்சம்தான். அவருடைய பிழைப்பு கோலிக்கு மூன்று அடி முன்னால். வருகிற ஷொட்டைத் தடியால் திருப்புவது, தெறித்து வருகிற பக்கைக் கோலி மூடும் முன் எடுத்துத் தூக்கிப் போடுவது, அப்புறம் எதிரணியைச் சீண்டிக் கோபப்படுத்துவது. அதற்குக் கையும் மூளையும் போதும். இடிப்பது தோளின் வேலை, தோளுக்கு ஆயுள் குறைவு. உங்கள் ஆளின் வீடியோவைப் போட்டுப் பார்க்கும்போது பலகையில் ஆளைச் சாத்துகிற காட்சிகளை ஓட்டிவிட்டு, கோல்வாசலில் அவருடைய கை என்ன செய்கிறது என்று மட்டும் பாருங்கள்.

அடுத்தது ஆட்ட நேரம். மூன்றாம் நான்காம் வரிசையில் பத்துப் பன்னிரண்டு நிமிடம், பவர் பிளேயில், அதாவது எதிரணி பெனால்டியால் ஆள் குறைந்து ஆடும்போது, வலைக்கு முன்னால் நிற்கும் வேலை. பட் மரூனை இப்படித்தான் செயின்ட் லூயிஸ் 2018இல் ஓராண்டுக்கு எடுத்தது, சொந்த ஊர்க்காரர். டலஸுக்கு எதிராக ஏழாவது ஆட்டத்தில் இரண்டாவது ஓவர்டைமில் வெற்றிக் கோல் அவருடையது, அந்த ஆண்டு கிண்ணம், பிறகு தம்பாவுடன் இன்னும் இரண்டு, தொடர்ந்து மூன்று ஆண்டு. அவரை முதல் வரிசையில் போட்டு 20 நிமிடம் ஆடச் சொல்லியிருந்தால் இந்தப் பெயரே உங்களுக்குத் தெரிந்திருக்காது.

35 வயதுக்கு மேல் என்றால் ஒரு வசதியும் உண்டு: ஓராண்டு ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து மிச்சத்தை போனஸாக எழுதலாம். கல்கரியின் பழைய நட்சத்திரம் ஜெரோம் இகின்லாவை பொஸ்டன் 2013இல் அப்படி எடுத்தது, 36 வயதில் 30 கோல் அடித்தார். ஆனால் உச்சவரம்பைத் தாண்டிய போனஸ் அடுத்த சீசன் கணக்கில் போய் விழுந்தது, அந்த ஆண்டு அவர்களுக்குக் காசு நெருக்கடி. கடனில் வாங்கிய கோல்கள் என்று வையுங்கள். கொலராடோ அடுத்து அவரை மூன்று ஆண்டுக்கு எடுத்தது, 29, 22 என்று அடித்தார், மூன்றாவது ஆண்டில் சரிந்தார். என் விதிக்கு இது கொஞ்சம் எதிராகத்தான் போகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் இகின்லா.

ஒவேச்கின் என்று யாராவது தொடங்குவீர்கள், தெரியும். 35 வயதில் ஐந்து ஆண்டு கையெழுத்து, 2025 ஏப்ரலில் 895வது கோல் போட்டு கிரெட்ஸ்கியின் லீக் கோல் சாதனையைத் தாண்டினார், ஆளும் எருமைக்கடா மாதிரி. அவர் இடிப்பது உபரி. இடது வட்டத்தில் நின்று அடிக்கிற அந்த அடிக்குத்தான் சம்பளம். உங்கள் ஆளுக்கு அது இருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

ஃபுளோரிடா 2024, 2025 இரண்டு கிண்ணத்தையும் இடித்துத்தானே வாங்கியது என்றால், ஆமாம், ஆனால் இடித்தவர்களில் முக்கியமான கச்சக்குக்கும் பெனட்டுக்கும் அப்போது முப்பது ஆகவில்லை. பெனட்டுக்கு 29 வயதில் எட்டு ஆண்டு, 64 மில்லியன் கொடுத்திருக்கிறார்கள், ஒப்பந்தம் முடியும்போது 37ஐத் தொட்டிருப்பார். பிளேஓஃபின் சிறந்த வீரராக வந்தவர், வெறும் இடிக்காரர் இல்லை, ஆகவே இப்போதைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. 2030 பக்கம் வந்து கேளுங்கள்.

கேள்வியில் எத்தனை ஆண்டு கேட்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. அதுதான் எனக்குத் தெரிய வேண்டியது, கோல் எண்ணிக்கைகூட இரண்டாவதுதான். மாமாவிடமும் உங்கள் கேள்வியை வாசித்துக் காட்டினேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "ஜேர்சி மட்டும் வாங்க வேண்டாம் எண்டு சொல்லு" என்றார். அவருடைய கிளார்க்சன் ஜேர்சி இன்னும் கிழியவில்லை, பனி அள்ளும்போது கோட்டுக்கு மேல் அதைத்தான் போட்டுக்கொள்கிறார்.